சரைக் கடதாசியில் ஒரு வீட்டின் வருமானம்: உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கும் புதுமுக மாணவருக்கு

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு மாலை, நூறு ரூபாய்க்கு ஒரு சரை கச்சான் வாங்கினேன். கச்சான் முடிந்ததும் சரையை விரித்து வாசிப்பது சிறுவயதிலிருந்து விடாத பழக்கம். வழக்கமாகப் பழைய பரீட்சைத் தாள் வரும். சில வேளை யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பி வரும். அன்று வந்தது ஒரு புலமைப்பரிசில் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கடற்றொழில்’ என்று வட்டமான, கவனமான எழுத்து. மாத வருமானம் என்ற இடத்தில் ஓர் எண்ணை வெட்டிவிட்டு அதைவிடச் சிறிய எண் ஒன்று. மூன்று சகோதரர்களின் பிறந்த திகதிகள், அவர்கள் படிக்கும் பாடசாலைகள், தாயின் அடையாள அட்டை எண், வீட்டுத் தொலைபேசி எண். பிரதி சரிந்து விழுந்து ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. கொப்பி எடுத்த கடையில் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று எடுத்திருப்பார்கள். ஒதுக்கியது எடைக்குப் போய், எடையிலிருந்து கச்சான் வண்டிக்கு வந்திருக்கிறது.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். வேறென்ன செய்வது?

நான் நெடுங்காலம் மாணவர் நலன் சார்ந்த ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் படிவம் நிரப்ப உதவுகிறேன். எனக்குத் தெரிந்தவரை, மாணவரின் விவரங்கள் அலுவலக அலுமாரியிலிருந்து வெளியே போவது அரிது. அந்த அலுமாரிக்குப் போய்ச் சேரும் வழியிலேதான் அவை சிந்துகின்றன: கொப்பி எடுக்கும் கடை, கிராம அலுவலரின் விறாந்தை, வட்ஸ்அப் குழு, காசோலை கொடுக்கும் மேடை. ஆகவே படிவம் நடந்து போகும் வழியிலேயே நாமும் நடப்போம்.

யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு புதுமுக மாணவருக்குக் கிடைக்கக்கூடிய உதவி பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது மகாபொல. 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நம்பிக்கை நிதியம் அதை வழங்குகிறது. திறமை அடிப்படையில் ஒரு பகுதியும், குடும்ப நிலை பார்த்து மற்றப் பகுதியும். இரண்டாவது, மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஊடாக வரும் பேர்சரி. இரண்டையும் ஒருவரே பெற முடியாது. மூன்றாவது வகைக்கு எல்லை இல்லை: பழைய மாணவர் சங்கம், கோவில் பரிபாலன சபை, புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கம், கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம், யாரோ ஒருவரின் நினைவு நிதி.

முதல் இரண்டிலும் படிவம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளம், உங்கள் பல்கலைக்கழகத்தின் இணையத்தளம், பீடத்தின் அறிவித்தல் பலகை ஆகிய மூன்றில் ஒன்றில் அந்த அறிவித்தலை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே நிரப்பத் தொடங்குங்கள். ‘அண்ணா ஒருவர் அனுப்பினார்’ என்று கைத்தொலைபேசியில் வந்த இணைப்பை நம்பி அடையாள அட்டைப் படத்தை ஏற்றிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படிவத்தின் பின்னால் யார் இருந்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை.

மூன்றாவது வகையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த விவரங்களை யார் வாசிப்பார்கள்? எங்கே வைத்திருப்பார்கள்? நான் தெரிவாகாவிட்டால் என் கடதாசிகள் என்ன ஆகும்? நல்ல சங்கங்கள் இந்தக் கேள்விக்குக் கோபிப்பதில்லை. கோபித்தால் அதுவே ஒரு பதில்தான்.

கேட்டதை மட்டும் கொடுங்கள், கேட்டதை மறைக்காதீர்கள்

படிவத்தை நிரப்பும் முன் ஒரு வெள்ளைத் தாளில் அது கேட்கும் விவரங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். அரச உதவிப் படிவத்தில் உள்ள ஒரு கேள்வியை வெறுமையாக விடுவது உங்களுக்கே நட்டம். வருமானத்தைக் குறைத்து எழுதுவது அதைவிட நட்டம். பொய்யென்று தெரிந்தால் உதவி நின்றுபோகும். தகவலைப் பாதுகாப்பது என்பது ஒளிப்பது அல்ல. ஆனால் கேட்காததைக் கொடுப்பது நம் ஊரில் ஒரு வியாதி. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தாயின் அடையாள அட்டை, அக்காவின் திருமணப் பதிவு, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்கள், தம்பியின் மருத்துவ அறிக்கை என்று கட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பட்டியலில் இல்லாத ஒவ்வொரு தாளையும் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வங்கிக் கணக்கு விவரம் என்றால் பெயர், கணக்கு எண், கிளை உள்ள முதற் பக்கம் போதும். கையில் எவ்வளவு இருக்கிறது என்பது அடுத்த பக்கத்துச் சங்கதி. அதைக் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

அடையாள அட்டை எண்ணைப் பற்றி ஒரு நிமிடம் நின்று சொல்ல வேண்டும். அது வெறும் தொடர் இலக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். 2004574 என்று தொடங்கும் ஓர் எண்ணை எடுங்கள். 574இலிருந்து 500ஐக் கழித்தால் 74. தை மாதத்துக்கு 31, மாசிக்கு 29, மொத்தம் 60, மிச்சம் 14. ஆக, இந்த எண்ணுக்குரியவர் 2004 மார்ச் 14இல் பிறந்த பெண். வேறு ஒரு கடதாசியும் பார்க்காமல் இவ்வளவும் சொல்லிவிட்டேன். பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாக வைத்திருக்கும் பிள்ளைகள் இதை வாசித்த கையோடு மாற்றிவிடுங்கள். வகுப்புக் குழுவில் ‘பெயர், ஐ.டி. எண், தொலைபேசி எண்ணைக் கீழே போடுங்கள்’ என்று யாராவது எழுதினால், நூறு பேர் பார்க்கும் இடத்தில் எண்ணைப் போடாமல் கேட்டவருக்குத் தனியாக அனுப்புங்கள். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்த பிறகு மட்டும்.

கொப்பிக் கடையில்

பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றியுள்ள கடைகளில் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாள் நின்று பாருங்கள். ஒருவர் கைத்தொலைபேசியிலிருந்து கடையின் வட்ஸ்அப் எண்ணுக்கு அடையாள அட்டைப் படத்தை அனுப்புகிறார். கடைப்பையன் அதைக் கணினியில் இறக்கி அச்செடுக்கிறான். அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ஏழு பேரும் திரையைப் பார்க்கிறார்கள். அச்சு வந்ததும் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். படம் அந்தக் கணினியின் பதிவிறக்க உறையில் கிடக்கிறது. கடையின் தொலைபேசியிலும் கிடக்கிறது. அடுத்த மாதமும் கிடக்கும். கடைக்காரர் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அவருக்கு அழிக்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு வழி இலகுவானது, ஆனால் கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டும். இயன்றால் மூலப்பிரதியையே கொண்டுபோய் இயந்திரத்தில் கொப்பி எடுங்கள். அனுப்புகிற வேலையே இல்லை. மென்பிரதி கட்டாயம் என்றால் ஒரு பென்டிரைவில் கொண்டுபோங்கள். அதிலும் வேண்டிய கோப்பு மட்டும் இருக்கட்டும், உங்கள் மூன்று வருடப் படங்கள் வேண்டாம். வட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், அச்செடுத்ததும் உங்கள் பக்கத்தில் ‘எல்லோருக்கும் அழி’ என்பதை அழுத்துங்கள். பிறகு கடைப்பையனிடம், ‘தம்பி, கணினியில் இறக்கியதையும் அழித்துவிடுங்கள்’ என்று கேளுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றே கேளுங்கள். கடைக் கணினியில் உங்கள் மின்னஞ்சலைத் திறந்தீர்களா? வெளியேறாமல் நாற்காலியை விட்டு எழும்பாதீர்கள்.

பிழைத்த பிரதிகளைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். அந்த ஐந்தோ பத்தோ ரூபாய் கச்சான் சரையைவிட மலிவு. இயந்திரத்தின் கண்ணாடியில் மூலப்பிரதியை மறந்துவிட்டு வருவதும் அடிக்கடி நடப்பது. மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இன்னொரு பழக்கம். கொப்பி எடுத்ததும் அதன் குறுக்கே, எழுத்துக்களை மறைக்காத மாதிரி, பேனையால் இரண்டு கோடு இழுத்து நடுவில் ‘மகாபொல விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று எழுதித் திகதி போடுங்கள். அந்தப் பிரதியைக் கொண்டுபோய் வேறொருவர் உங்கள் பெயரில் ஒரு சிம் அட்டை எடுக்கவோ தவணைக்குப் பொருள் எடுக்கவோ முயன்றால், அந்தக் கோடு அவருக்கு இடைஞ்சல். சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தக் கொடுக்க வேண்டிய பிரதி என்றால், எழுதலாமா என்று முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள். சிலர் ஏற்றுக்கொள்வார்கள், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள்.

கிராம அலுவலரின் விறாந்தை

வருமானச் சான்றும் வதிவிடச் சான்றும் கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் முடியும். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். அந்த 435 அலுவலகங்களிலும் பெரும்பாலானவை ஓர் அறையும் ஒரு விறாந்தையும்தான். வாங்கில் பக்கத்தில் இருப்பவர் உங்கள் ஒழுங்கையைச் சேர்ந்தவர். உள்ளே அலுவலர் கேட்பார்: ‘அப்பா காசு அனுப்புகிறவரா? அம்மாவுக்குச் சமுர்த்தி வந்ததா, அஸ்வெசும வருகிறதா? அக்கா கணவருடன் இருக்கிறாரா?’ (சமுர்த்தியும் அஸ்வெசுமவும் அரசு தரும் நிவாரண உதவிகள்.) அவர் கேட்பதில் பிழை இல்லை. உறுதிப்படுத்துவது அவருடைய கடமை. பதிலை ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்பது மட்டும் கடமையில் இல்லை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: கேட்கப்படக்கூடிய எல்லாவற்றையும் அரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குடும்பத்தில் எத்தனை பேர், யார் உழைக்கிறார்கள், தொழில், மாதத்துக்கு எவ்வளவு, படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர். ‘ஐயா, விவரம் இதில் இருக்கிறது’ என்று மேசையில் வைத்தால் பெரும்பாலான அலுவலர்கள் வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுதிவிடுவார்கள். அவர்களுக்கும் நேரம் மிச்சம். வேலை முடிந்ததும் அந்த அரைத் தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஆளாகப் போவதும் நல்லது. விறாந்தையில் காது குறைவு.

அயலவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. 2023இல் அஸ்வெசும பெயர்ப்பட்டியல்கள் மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்குமாகப் பகிரங்கமாக வைக்கப்பட்டபோது, யார் எந்த வகைக்குள் வந்தார்கள் என்பதை ஊரே வாசித்தது. பொதுப் பணம் யாருக்குப் போகிறது என்று பார்க்க மக்களுக்கு ஒரு நியாயம் உண்டு. உங்கள் அம்மா ஏன் தனியாக இருக்கிறார் என்று பார்க்க அந்த நியாயம் போதாது.

‘உங்கள் குடும்ப நிலையை விளக்குக’

படிவத்தில் மிகவும் அபாயமான இடம் இந்த ஐந்து வெற்றுக் கோடுகள். எண்களுக்கு எல்லை உண்டு, கதைக்கு இல்லை. அதிலும் நம் ஊர்க் கதைகள் சாதாரணமானவை அல்ல. தந்தை காணாமற்போனவர், அண்ணன் தடுப்பில் இருந்து வந்தவர், தாய் செல்லடியில் காலை இழந்தவர். கொடையாளரின் மனம் இளகும் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். சென்ற வருடம் ஒரு தங்கை என்னிடம் கொண்டுவந்த வரிகளின் சாயல் இது (அடையாளம் தெரியாமல் மாற்றியிருக்கிறேன்):

‘2009ஆம் ஆண்டு மே மாதம் என் அப்பா வட்டுவாகலில் வைத்து எங்களைப் பிரிந்தார். அவர் அதற்கு முன் இன்ன வேலை செய்தார். அம்மா அவரைத் தேடி இன்ன இன்ன முகாம்களுக்குப் போனார். இப்போது அம்மாவுக்கு மனநிலை சரியில்லை, இன்ன மருத்துவமனையில் மருந்து எடுக்கிறார்.’

எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் இந்த விண்ணப்பம் ஒரு சங்கத்தின் செயலாளருக்குப் போய், அவர் வெளிநாட்டில் உள்ள பன்னிரண்டு உறுப்பினருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அவர்களில் ஒருவர் இன்னொருவரிடம் காசு சேர்க்க அதைக் காட்டி, எங்கெங்கோ போகும். தந்தை என்ன வேலை செய்தார் என்பதும், தாய் எந்த மருந்து எடுக்கிறார் என்பதும் பணம் தருவதற்குத் தேவையான விவரங்களா? இருவரும் இருந்து இப்படி மாற்றினோம்:

‘எங்கள் குடும்பத்தில் நான்கு பேர். தந்தையின் வருமானம் 2009 முதல் இல்லை. காணக்கிடைக்காமைச் சான்றிதழின் பிரதியை இணைத்துள்ளேன். தாயாரால் உடல்நிலை காரணமாக ஒழுங்காக வேலைக்குப் போக முடிவதில்லை. வீட்டின் வருமானம் தாய்மாமன் தரும் உதவியும் ஆடு வளர்ப்பும். எனக்குத் தங்குமிடத்துக்கும் போக்குவரத்துக்கும் மாதச் செலவு உண்டு. அதன் விவரம் கீழே.’

இரண்டாவதைப் படித்தால் கண்ணீர் குறையலாம், கணக்குக் கூடுகிறது. பணம் தருகிறவருக்கு வேண்டியது கணக்கு. நோய் பற்றிச் சான்று கேட்டால் ‘வேலை செய்ய முடியாத நிலை’ என்று வைத்தியர் எழுதிய கடிதம் போதும். நோயின் பெயர் இல்லாமலும் அப்படி எழுதித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இறப்புச் சான்றிதழை இணைப்பதா, காணக்கிடைக்காமைச் சான்றிதழை (இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போனவர் என்று மட்டும் அரசு தரும் சான்று) இணைப்பதா என்பது ஒவ்வொரு வீட்டின் மனத்தையும் பொறுத்த முடிவு. அதில் மகனோ மகளோ தனியாக முடிவெடுக்காமல் அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அது அவருடைய தகவலும்தான்.

உதவ வரும் அண்ணன்மார்

புதுமுக மாணவருக்கு மூத்த மாணவர் படிவம் நிரப்ப உதவுவது நல்ல மரபு. நல்லவர்களே அதிகம். ஆனாலும் நிரப்பிய படிவத்தை ‘கொண்டா, நாங்கள் சேர்த்துக் கொடுக்கிறோம்’ என்று வாங்கிக்கொண்டு போவதற்கு அனுமதிக்காதீர்கள். அதில் உங்கள் தொலைபேசி எண், வீட்டு விலாசம், தந்தையின் தொழில், பெண்பிள்ளைகள் தங்கியிருக்கும் அறையின் விலாசம் எல்லாம் இருக்கின்றன. பகிடிவதை தொடங்குவது ஒரு தொலைபேசி எண்ணிலிருந்துதான். பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் எண் கைமாறாமல் இருப்பது சட்டத்தைவிடக் கிட்டிய பாதுகாப்பு. நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பீடங்களில் படிக்கிறவர்களுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்துக்கு வந்துபோவது சிரமம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

தனியார் உதவிகள் இப்போது கூகுள் படிவத்தில் வருகின்றன. நிரப்பி அனுப்பியதும் ‘முந்தைய பதில்களைப் பார்’ என்ற ஓர் இணைப்பு வந்தால் அதை அழுத்திப் பாருங்கள். மற்றவர்களின் பதில்கள் உங்களுக்குத் தெரிகின்றன என்றால் உங்களுடையதும் அவர்களுக்குத் தெரிகிறது. உடனே ஒழுங்கமைப்பாளரை அழைத்துச் சொல்லுங்கள். அவருக்கு அந்த அமைப்பு திறந்திருப்பதே தெரியாமல் இருக்கும். தெரிவானோர் விரிதாளை ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று விட்டுவிட்டு, அந்த இணைப்பை முகநூல் குழுவில் போட்ட ஒரு சங்கத்தை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள், இரவு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. விரிதாள் மட்டும் மூன்று நாள் சந்தியில் நின்றது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவிக்கு முகவர் ஊடாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு சொல்: மின்னஞ்சல் கணக்கை நீங்களே திறங்கள், கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும். அங்கே பெற்றோரின் வங்கி அறிக்கை, வரி விவரம், சொத்து எல்லாம் கேட்பார்கள். அவை போகிற கணக்கு முகவருடையதாக இருந்தால், பதில் வருவதும் அவருக்குத்தான்.

மேடையும் காசோலையும்

இனி எனக்கு மிகவும் மனக்கசப்பான விடயம். மண்டபம், பின்னால் பதாகை, அதில் கொடையாளரின் படம். பிள்ளையின் கையில் ஒரு பெரிய அட்டைக் காசோலை. ‘தந்தையை இழந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழும்’ என்ற அடைமொழியோடு ஒலிபெருக்கியில் பெயர். அன்றிரவே முகநூலில் படம், ஊர், பாடசாலை. நான்கு வருடம் கழித்து அந்தப் பிள்ளை வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதும், கலியாணம் பேசும்போதும் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த அட்டைக் காசோலை.

கொடையாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஐந்து ஐந்து பவுணாகவும் டொலராகவும் சேர்த்து அனுப்புகிறவர்களுக்குக் காசு போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டும். இடையில் காசு கரைந்துபோன கதைகளும் நம்மிடம் குறைவில்லை. ஆதாரம் கேட்பது சரி. முகம்தான் ஆதாரம் என்பது பிழை. வங்கி வைப்புச் சீட்டு, நீங்கள் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு, ஒவ்வொரு அரையாண்டும் பெறுபேற்றுப் பிரதி ஆகிய மூன்றும் ஒரு படத்தைவிடப் பலமான சாட்சி. சங்கங்கள் பிள்ளைகளுக்கு ஓர் இலக்கம் கொடுத்து, பொது அறிக்கையில் இலக்கத்தை மட்டும் போடலாம். பெயர்ப் பட்டியல் பொருளாளரிடம் இருக்கட்டும்.

வாயால் மறுக்கக் கூச்சமாக இருக்கும். உதவி செய்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். உதவி உறுதியானதும், நிகழ்வுக்கு முதலே, இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘ஐயா, உங்கள் உதவிக்கு என் குடும்பத்தின் நன்றி. பணம் கிடைத்ததும் பற்றுச்சீட்டும், ஒவ்வொரு அரையாண்டும் என் பெறுபேறும் அனுப்பிவைக்கிறேன். என் படமும் பெயரும் முகநூலிலோ பத்திரிகையிலோ வராமல் பார்த்துக்கொண்டால் பேருதவியாக இருக்கும். அம்மாவின் விருப்பமும் அதுவே.’ அம்மாவைச் சேர்த்துக்கொள்வது தந்திரம்தான். ஆனால் நம் ஊரில் அம்மாவின் சொல்லைத் தட்ட மாட்டார்கள். இந்தச் செய்தியால் உதவி நின்றுபோன பிள்ளை எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு சங்கங்கள் மேடையையே கைவிட்டுவிட்டன.

தொலைபேசி அழைப்பு

தெரிவுப் பட்டியல் வரும் காலத்தில், ‘உங்களுக்கு மகாபொல கிடைத்திருக்கிறது, கணக்கைச் சரிபார்க்க இப்போது வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்’ என்று ஓர் அழைப்பு வரலாம். அழகான தமிழில் பேசுவார்கள், உங்கள் முழுப்பெயரும் பாடநெறியும் தெரிந்திருக்கும். பணம் வைப்பிலிடக் கணக்கு எண் போதும். அந்த ஆறு இலக்க எண், அதாவது ஓ.டி.பி., பணம் வெளியே போகும் வாசலின் திறப்பு. எந்த நிதியமும் எந்த வங்கியும் அதைக் கேட்காது, ‘பதிவுக் கட்டணம்’ கேட்கவும் மாட்டாது. வைத்துவிட்டு, பீடாதிபதி அலுவலகத்தில் நேரே போய் விசாரியுங்கள்.

பிசகினால்

உங்கள் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று ஒரு பொது நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி தருகிறது. அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதே சட்டம் மறுபக்கத்திலும் உங்களுக்குக் காவல்: பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத, அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழையும் தனிப்பட்ட தகவலை மறுக்க அதன் 5ஆம் பிரிவு இடம் தருகிறது. எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று உங்கள் அயலவர் கேட்கலாம். பெரும் பொதுநலன் ஒன்றைக் காட்டினாலொழிய உங்கள் வீட்டு வருமானத்தைக் கேட்டு வாங்க முடியாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. உங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவைப் பார்க்க, திருத்த, கொடுத்த சம்மதத்தை மீளப்பெற அது உரிமை பேசுகிறது. உடல்நலம், மதம், அரசியல் கருத்து, குற்றவழக்கு போன்றவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்பு. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. ஆகவே எந்தப் பகுதி அமுலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே கடிதத்தில் அதன் பெயரை எழுதுங்கள். ஊர்ச் சங்கத்தோடு பிணக்கு என்றால் சட்டத்தைத் தூக்குவதற்கு முன் செயலாளரின் வீட்டுக்குப் போய் ஒரு தேநீர் குடிப்பது விரைவான வழி.

பணம் வரத் தொடங்கிய பிறகு

மூலப்பிரதிகளை ஓர் உறையில் போட்டு அம்மாவின் அலுமாரியில் வையுங்கள். அறை நண்பர்களுடன் தங்கும் இடத்தில் வேண்டாம். அனுப்பிய படிவத்தின் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வேறோர் உதவிக்கு எழுதும்போது இரண்டு படிவத்தின் எண்களும் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். மிச்சப் பிரதிகளைக் கிழித்து அடுப்பில் போடுங்கள்.

கைத்தொலைபேசியையும் மறக்காதீர்கள். அவசரத்தில் எடுத்த அடையாள அட்டைப் படம், வருமானச் சான்றின் படம், வங்கிப் புத்தகத்தின் படம் எல்லாம் நண்பர்களின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே கிடக்கும். திருத்தக் கொடுக்கும் கடையில் அவற்றை ஒருவர் தட்டிக்கொண்டு போவார். தேடி அழியுங்கள். கூகுள் படங்கள் செயலியில் ஏறிய படங்களை அழித்தாலும் அவை அதன் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும். அதையும் திறந்து காலியாக்கிவிடுங்கள்.